அரசனை நடக்க விடுங்கள்

வலயமட்டச் செஸ் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் ஒவ்வொரு முறையும் நான் காண்பது இதுதான். யூடியூபில் மனப்பாடம் செய்த தொடக்க நகர்வுகளை அழகாக ஆடுவார்கள். அரசிகள் வெட்டுப்பட்ட பிறகு, அரசனை மூலையில் ஒளித்துவைத்துச் சிப்பாய்களை எண்ணிக்கொண்டிருப்பார்கள். தோல்வி அங்கேதான் தொடங்குகிறது.

இதற்காக நான் திரும்பத் திரும்பக் காட்டுவது 1924 நியூயோர்க் போட்டியில் கபாபிளாங்கா டார்டகோவருடன் ஆடிய ஆட்டம். இருவருக்கும் ஆளுக்கொரு கோட்டை. கபாபிளாங்காவின் கோட்டை ஏழாவது வரிசையில். இரண்டு சிப்பாய்களை விட்டுக்கொடுத்து, அரசனை எதிரி எல்லைக்குள் நடத்தினார். பக்கத்தில் நின்ற கறுப்புச் சிப்பாயைக்கூட உடனே வெட்டவில்லை. கோட்டையின் செக்கிலிருந்து அது தன் அரசனுக்கே குடையாக நிற்கட்டும் என்று விட்டார். பிறகு மாட் மிரட்டல். கறுப்பின் சிப்பாய்கள் ஒவ்வொன்றாக விழுந்தன.

பெற்றோரே, அஸருக்குப் பிறகு கொஞ்ச நேரம் இந்த ஆட்டத்தைப் பலகையில் அடுக்குங்கள். வெள்ளையின் 35ஆவது நகர்வுக்கு முன் நிறுத்தி, "மகள், நீங்க என்ன நகர்த்துவீங்க?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சிப்பாயைக் காக்கத்தான் கை போகும். உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். யோசிக்க விடுங்கள்.