பஞ்சாரத்தின் மேல் ஒரு கல்

விளக்கு வைக்கும் முன் பஞ்சாரத்தைக் கவிழ்த்துவிட வேண்டும். எங்கள் அப்பாயி இதில் ஒரு நாளும் தவறியதில்லை. ஒரு கை நொய்யைத் தூவி, ‘பா... பா...’ என்று கூப்பிட்டு, தாய்க்கோழி குஞ்சுகளோடு வந்து கொத்தத் தொடங்கியதும் பஞ்சாரத்தை மேலே கவிழ்ப்பாள். அதன் தலையில் உடைந்த அம்மிக்கல் ஏறும். உங்கள் வீட்டில் ஆட்டுக்கல் குழவி, நினைவிருக்கிறதா? கல் வைக்காத பஞ்சாரத்தை நரி மூக்காலேயே நெம்பிவிடும். தெரு முழுக்கக் கொல்லைகளில் கல் நகர்கிற சத்தம் கேட்கும். அதற்குள் ஊருக்குள்ளிருந்து மஃரிப் பாங்கு வந்துவிடும். ராந்தல் திரி பற்றுகிற மண்ணெண்ணெய் வாசம், மாட்டுக்குப் போட்ட மூட்டப் புகை, ஆற்றுப் பக்கமிருந்து வருகிற உப்புச் சேற்று வாடை. முத்துப்பேட்டையின் சாயங்காலம் அந்த மூன்றும் கலந்ததுதான்.

சாப்பிட்டுத் திண்ணையில் பாய் விரித்த பிறகு முதல் ஊளை வரும். பாமணியாற்றுப் படுகையில் ஒன்று ஆரம்பிக்கும். சற்றுப் பொறுத்துக் கோரையாற்றுப் பக்கம் ஒன்று. பிறகு எது எங்கே என்று பிரிக்க முடியாது; தென்கிழக்கே அலையாத்திக் காடு வரைக்கும் தொடர்ந்து போகும். மீட்டர்கேஜ் காலத்தில் ராத்திரி வண்டி கம்பன் எக்ஸ்பிரஸ் ஊதிக்கொண்டு போனால் அதற்கும் பதில் உண்டு. என்ஜின் ஊதும், நரி ஊளையிடும், தெரு நாய்கள் விழித்துக்கொண்டு குரைக்கும். அப்பாயி தூக்கத்திலேயே, “போறான் பாரு மாப்ள அழைக்க” என்பாள். அடுத்த நாள் வெயிலடிக்கும்போதே தூறல் விழுந்தால் காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம் என்று கத்திக்கொண்டு தெருவில் நனைந்து ஓடியவர்கள்தானே நாம்.

பள்ளிக்கூடத்துச் சுவரில் காட்டு விலங்குகள் படம் ஒன்று தொங்கியது. புலி, யானை, காட்டெருமை, கரடி. அவை முதுமலையிலும் டாப்சிலிப்பிலும் இருப்பவை, நமக்கு வெகுதூரம். கொல்லையில் வந்து போகிற நரியையும், கூரையில் குடியிருந்த மரநாயையும், மடுவில் மீன் விரட்டிய நீர்நாயையும் யாரும் அந்தக் கணக்கில் சேர்த்ததில்லை. நெல் விளைகிற ஊரில் காட்டு விலங்கு ஏது என்றுதான் நாமும் நினைத்தோம். இன்றைக்கும் டெல்டா என்று சொன்னால் மேட்டூர் நீர்மட்டம் சொல்கிறோம், அணை திறக்கும் ஜூன் 12 சொல்கிறோம், குறுவை எத்தனை ஏக்கர் என்று சொல்கிறோம். நரி எத்தனை என்று யார் சொன்னார்கள்? நம்மோடு ஒரே வரப்பில் நடந்தவற்றைக் கணக்கெடுக்காமலே விட்டுவிட்டோமே என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

சம்பா அறுப்புக்குக் காவல் படுத்த ராத்திரிகள் வேறு. களத்தில் புது வைக்கோலுக்குள் உடம்பைப் புதைத்துக்கொண்டால் முதுகில் சூடும் முகத்தில் பனியுமாக இருக்கும். தை மாசப் பனி. அய்யா துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, அறுத்த வயலின் தாள்களுக்கு இடையில் எதையோ காட்டுவார். நிலா வெளிச்சத்தில் சாம்பலும் பழுப்புமாக ஓர் உருவம் நின்று நின்று நகரும். வயல் நண்டு தேடுகிறது. நரி வாலை நண்டு வளைக்குள் விட்டு, நண்டு கவ்வியதும் வெடுக்கென்று இழுத்துப் போட்டுத் தின்னும் என்று அய்யா சொல்வார். நான் பார்த்ததில்லை. ஆனால் எந்த வரப்பைத் தாண்டினாலும் நண்டு ஓடு உடைந்து கிடக்கும். அதே நண்டைத்தான் சளி பிடித்தால் இடித்து, மிளகு தட்டிப் போட்டு, நமக்கு ரசம் வைத்துக் கொடுத்தார்கள்.

நரிக்கு நண்டைவிட எலிதான் பெரிய சாப்பாடு. காட்டுப்பூனைக்கும் அதுதான். எலியை மனிதர்கள் பிடிக்க நம் ஊரிலேயே ஒரு கருவி பிறந்தது: தஞ்சாவூர் கிட்டி. மூங்கில் வில், நாண், பனையோலை. கிட்டிக்காரர் சாயங்காலம் ஒரு கட்டுக் கிட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வரப்போரம் வளை பார்த்து ஊன்றுவார். ராத்திரி ‘டப்’, கொஞ்சம் தள்ளி இன்னொரு ‘டப்’. விடியக்காலையில் எலிக்கு இவ்வளவு என்று கூலி. அவர் விட்டதை நரி பிடிக்கும், நரி விட்டதைக் கோட்டான் பிடிக்கும். பிறகு எலிக்கு மருந்து வந்தது, நண்டுக்குக் குருணை வந்தது. செத்த எலியையும் மயங்கின நண்டையும் தின்றவை எங்கே போய் விழுந்தன என்று தேடிப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. கோழி போன ஆத்திரத்தில் கருவாட்டில் விஷம் தடவி வைத்த வீடுகளும் உண்டு. நரிக்கொம்பு, நரிப்பல் என்று கேட்டு வாங்கினவர்களும் நம் ஆட்கள்தான். காரியம் கைகூடினால், “இன்னிக்கு நரி மூஞ்சியில முழிச்சியா?” என்று கேட்ட அதே வாய்கள்.

மரநாய் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பழைய வீட்டு ஓட்டுக்கடியில் ஒன்று இருந்தது. பகலெல்லாம் சத்தமே இராது. ராத்திரி சாமம் ஆனதும் உத்தரத்தில் மெல்ல நடக்கும், ஓடு ஒன்று ‘கிடுக்’ என்னும். அது போன வழியில் ஒரு வாசம் கிடக்கும், அப்போதுதான் வடித்த சீரகச்சம்பாச் சோற்றின் வாசமாக. அம்மா நடுராத்திரியில் எழுந்து, யாரடி இந்நேரத்தில் சோறு வடிக்கிறது என்று கேட்டிருக்கிறாள். பனையில் கலயம் கட்டின நாட்களில் மரநாய் கள்ளுக்கு ஏறும். பனையேறிகள் திட்டுவார்கள், ஆனால் அடித்துக் கொன்றதாகக் கேட்டதில்லை. ஆடி ஆவணியில் பனம்பழம் பழுத்துத் தொப்பென்று விழும்போது ஓடிப்போய் எடுக்க நமக்கு ஆசை. விடிவதற்குள் நரியோ மரநாயோ நாரைச் சப்பிவிட்டுப் போயிருக்கும். மிச்சத்தை நாம் சுட்டுத் தின்போம். விரலெல்லாம் மஞ்சள், பல்லிடுக்கெல்லாம் நார்.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. தென்னை போனதை நாடே பார்த்தது. தென்னையோடு போனவற்றை நாம்தான் பார்த்தோம்: அணில், வௌவால், மட்டைகளுக்கு நடுவே நசுங்கிக் கிடந்த மரநாய்கள். பழந்தின்னி வௌவால்கள் தலைகீழாகத் தொங்கிச் சண்டை போட்ட இலுப்பை மரம் வேரோடு சாய்ந்தது. புழுத்த பழமும் எச்சமும் சேர்ந்த அந்தப் புளிச்ச நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டுதான் அந்த மரத்தைக் கடப்போம். இப்போது அங்கே வெட்டவெளி. மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு போகலாம்.

ஆடி அமாவாசைக்குக் கோடியக்கரைக்குக் கடல் முழுக்குப் போவோம். கட்டுச்சோறு, புளியோதரை, எலுமிச்சை ஊறுகாய். குளித்து ஈரத்துணியோடு திரும்பும்போது காட்டோரம் திறந்த புல்வெளியில் வெளிமான்கள் நிற்கும். கிடாவுக்கு முறுக்குக் கொம்பு, முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. ஒன்று துள்ளினால் மற்றவையும் வரிசையாகத் துள்ளும். அவற்றுக்காகத்தான் 1967-இல் அந்த இடத்தைச் சரணாலயமாக்கினார்கள். 2002-இல் சதுப்புநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது நம் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் அதே எல்லைக்குள் வந்தது. அங்கே ஆளில்லாக் குதிரைகளும் கூட்டமாக மேயும். அப்பாயி அவற்றைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். மாணிக்கவாசகருக்காக ஆண்டவன் நரியைப் பரியாக்கினானே, அதில் திரும்ப நரியாகாமல் நின்றுபோன பரிகள் இவை என்பது அவள் கட்சி. மாணிக்கவாசகரின் ஆவுடையார்கோயில் நமக்குத் தென்மேற்கேதானே இருக்கிறது, அதனால் அவள் சொன்னதை நாம் நம்பினோம். கஜாவில் அந்த மான்களும் குதிரைகளும் அடித்துக்கொண்டு போகப்பட்டு, காரைக்கால் பக்கத்துக் கரைகளில் உடல்கள் ஒதுங்கின. தப்பியவை இருக்கின்றன. புல்வெளியைத்தான் சீமைக்கருவேல் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வருகிறது.

கடலிலும் ஒரு பசு இருந்தது. நம் மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். மூணு மீட்டர் நீளம், நானூறு கிலோ எடை, ஆனாலும் கடலடிப் புல்லைத் தவிர வேறு எதையும் தொடாது. ஒரு குட்டி போட ஓராண்டுக்கு மேல் சுமக்கும். வலையில் ஏறினால் மூச்சுக்கு மேலே வர முடியாமல் செத்துவிடும். அப்படிச் செத்ததை ஒரு காலத்தில் பங்கு வைத்திருக்கிறார்கள், அதைச் சொல்லும்போது இன்றைய பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். அதிராம்பட்டினத்திலிருந்து தெற்கே அம்மாப்பட்டினம் வரை பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் கடற்பசு காப்பகமாக அரசு அறிவித்தது. நாட்டிலேயே கடற்பசுவுக்கென்று முதல் காப்பகம். வலையை அறுத்து ஆவுளியாவைக் கடலில் விட்ட மீனவர்களைக் கூப்பிட்டுப் பாராட்டுகிறார்கள். ஒரு வலையின் விலை தெரிந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

கோடையில் கோரையாறு வற்றி மடு மடுவாக நிற்கும். மதகுப் பக்கத்து மடுவில் நாம் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்போம், மண்புழு டப்பா நடுவில். திடீரென்று தண்ணீரில் கோடு கிழிக்கும். ஒன்றில்லை, அஞ்சாறு தலைகள். நீர்நாய்க் குடும்பம் வரிசை கட்டி மீனை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு வரும். கீச்சுக் குரலில் ஒன்றுக்கொன்று பேசிக்கொண்டே இருக்கும். கெளுத்தியைத் தலையிலிருந்து கடிக்கிற ‘கறுக் கறுக்’ நமக்குக் கேட்கும். அன்றைக்கு நம் தூண்டிலில் ஒன்றும் விழாது, எழுந்து போகவும் மனசு வராது. வங்காளதேசத்து நடாயில் பக்கம் மீனவர்கள் இதே நீர்நாயைப் பழக்கி, கயிற்றில் கட்டி, மீனை வலைக்குள் விரட்ட வைப்பார்கள் என்று பிறகு படித்தேன். நாம் பழக்கவில்லை, அவையும் நம்மைக் கண்டுகொள்ளவில்லை. ஒரே மடுவில் இருவருக்கும் இடமிருந்தது. கரையில் நாணல், காட்டாமணக்கு, தாழம்புதர், அதற்கடியில் அவற்றின் வளை. கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று பொக்லைன் வந்து எல்லாவற்றையும் வழித்தது. இப்போது ஆறு நேராக, அழகாக இருக்கிறது. மதகில் உட்கார்ந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையின் இரைச்சல் வருகிறது. அந்தச் சாலையில் விடியற்காலை பைக்கில் போனால் சில நாட்கள் நரி ஒன்று தட்டையாகக் கிடக்கும். ஊளை கேட்காத ஊரில் அது எங்கிருந்து வந்தது என்று யோசித்துக்கொண்டே வண்டியை ஒதுக்குவேன்.

அலையாத்திக் காட்டுக்குள் இருந்துதான் வந்திருக்கும். வேறு இடம் அவற்றுக்கு ஏது? தஞ்சாவூர் மராட்டியர் காலத்தில் அந்தக் காட்டின் வருமானம் சத்திரங்களுக்குச் சோறு போட்டது. பிறகு கூப்புக் கூப்பாக வெட்டி விறகாக்கினார்கள், வெட்டின இடம் உப்புப் பொரிந்து மொட்டையானது. தொண்ணூறுகளில் இறால் பண்ணைகள் ஓரங்களைத் தின்றன. காந்தியத் தம்பதி கிருஷ்ணம்மாளும் ஜெகநாதனும் நம் மாவட்டத்துப் பெண்களோடு வெயிலில் உட்கார்ந்து போராடி, 1996 டிசம்பரில் அந்தப் பண்ணைகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வாங்கினார்கள். அதே காலத்தில்தான் மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, அலைநீரை உள்ளே விட்டு, கண்டல் விதையை ஊன்றத் தொடங்கினார்கள். மரம் திரும்பி வந்தது. 2004-இல் சுனாமி வந்தபோது நமக்கு முன்னால் நின்றது அந்த மரம்தான்.

போன மாசம் சேத்துக்குடாவுக்குப் போயிருந்தேன். படகைத் தள்ளியது சித்தப்பா மகன், வாய்க்காலில் மீன் பிடிக்கிறவன். சுவாச வேர்களுக்கு நடுவே சேற்றுத் திட்டு ஒன்றில் செதிலும் முள்ளுமாக எச்சம் கிடந்தது. பக்கத்தில் விரல் விரித்த கால் தடம். அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. “நீர்நாய்தாண்ணே. நேத்து ராத்திரி வலைய நாலு எடத்துல கிழிச்சுட்டு, நல்ல கொடுவாயா பாத்துத் தின்னுட்டுப் போயிருக்கு. மடவைய மட்டும் நமக்கு விட்டுவச்சிருக்கு” என்று வைதான். எத்தனை இருக்கும் என்று கேட்டேன். கூட்டமாகத்தான் வருது, குட்டியும் இருக்கு என்றான். வலைக்கு யார் காசு கொடுப்பா என்று அவன் தொடர்ந்து திட்டிக்கொண்டே கோலை ஊன்றினான். இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்று நான் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டே வந்தேன்.