பழவேற்காட்டுப் பாடு

புழல் மத்திய சிறையின் உயர்ந்த மதிலைக் கடந்து, செங்குன்றம், பொன்னேரி, திருப்பாலைவனம் வழியாக வடக்கே சென்றால் பழவேற்காடு வந்துவிடுகிறது. சென்னை நகரின் நடுவே 1837ஆம் ஆண்டு முதல் இருந்துவந்த பழைய மத்திய சிறை 2006ஆம் ஆண்டில் புழலுக்கு மாற்றப்பட்டது. தண்டனைக் கைதிகள், விசாரணைக் கைதிகள், பெண்கள் என மூவகையினருக்கும் அங்கே தனித்தனிச் சிறைகள் உள்ளன. சிறைப்பணியில் ஈடுபட்டுள்ள நாங்கள் சிலர், மதிலுக்குள் இருப்போரை மட்டும் அறிந்தால் போதாது, அவர்கள் திரும்பிச் செல்லும் ஊர்களையும் அறியவேண்டும் என்னும் எண்ணத்துடன் இந்த ஏரிக்கரைக்கு வந்தோம்.

சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. மகிமை மாதா திருத்தலத்தில் மண்டியிட்டு வணங்கினோம். 1515ஆம் ஆண்டில் போர்த்துகீசியர் காலத்தில் தோன்றிய ஆலயம் எனப் போற்றப்படுவது அது. பின்னர், டச்சுக்காரர் 1613ஆம் ஆண்டில் கட்டிய கெல்டிரியா கோட்டையின் எச்சங்களைக் கண்டோம். இன்று அங்கே புதரும் மேடுமே மிஞ்சியுள்ளன. பதினேழாம் நூற்றாண்டில் இத்துறையிலிருந்துதான் ஆயிரக்கணக்கான ஏழை மக்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டு படாவியாவுக்கு அனுப்பப்பட்டனர். விலங்கின் ஒலியை இக்கரை முன்பே கேட்டிருக்கிறது.

கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் முதலிய ஊர்களில் 'பாடு' என்றொரு முறை தொன்றுதொட்டு வழங்கி வருகிறது. இறால் மிகுந்த நீர்ப்பகுதிகளை வலிமையுள்ளவன் வளைத்துக்கொள்ளாதபடி, தலைக்கட்டுக்காரர்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒருவன் முறை முடிந்தால் மற்றவன் முறை. அடிதடியின்றி வயிறு நிறைய முன்னோர் கண்ட அறவழி இது. ஆயினும், பாட்டுரிமை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இடையே பிணக்குகள் எழாமல் இல்லை. பங்கீடு நின்ற இடத்தில் பகை தொடங்குகிறது.

கரையில் இறால் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஒரு தாயோடு பேசினோம். அவருடைய மகன் ஒரு கைகலப்பு வழக்கில் விசாரணைக் கைதியாக இருக்கிறான். "மனு பார்க்கப் போனா அன்னிக்குக் கூலி இல்லீங்க. போகலைன்னா அவன் சாப்பிட மாட்டான்" என்றார். நம் நாட்டுச் சிறைகளில் இருப்போருள் ஏறத்தாழ நால்வரில் மூவர் இவ்வாறு தீர்ப்புக்குக் காத்திருப்பவர்களே என்பதைப் பலர் அறியார்.

அருகில் வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவரிடம், "சிறை சென்று திரும்பியவனை ஊர் சேர்த்துக்கொள்ளுமா?" என்று வினவினோம். சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "ஏரி யாரையும் எதுவும் கேக்காது ஐயா. கரையில இருக்கிறவங்கதான் கேப்பாங்க" என்றார்.

அச்சொல் எங்கள் உள்ளத்தைத் தைத்தது. உள்ளே பல நன்மைகள் நடைபெறுகின்றன. கைதிகள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகள் எழுதுகிறார்கள், தொழில் கற்கிறார்கள். சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் நிலையங்களில் பணியாற்றி ஊதியம் பெறுகிறார்கள். 2023ஆம் ஆண்டு முதல் புழலில் பெண் கைதிகளும் அப்பணியைச் செய்கின்றனர். கோட்டயத்தில் குருமாணவர்களாக இருந்த வர்கீஸ் கரிப்பேரி, பிரான்சிஸ் கொடியன் ஆகிய இருவர் 1981ஆம் ஆண்டில் தொடங்கிய இந்தியச் சிறைப்பணி இயக்கம், இன்று நாடெங்கும் கைதிகளைச் சந்தித்து வருகிறது. 1941ஆம் ஆண்டில் ஆஷ்விட்ஸ் முகாமில் மற்றொரு கைதிக்காகத் தம் உயிரை ஈந்த புனித மாக்சிமிலியன் கோல்பே அதன் பாதுகாவலர். சினத்தை அடக்கவும், இழைத்த தீங்கை உணரவும், பழிவாங்கும் எண்ணத்தை விடவும் பலர் அங்கே கற்றுக்கொள்கின்றனர்.

ஆனால், வாயில் திறந்த மறுநாள் அவர்களுக்கு வேண்டுவது ஒரு வலையும், ஒரு படகில் இடமும், பெயர்சொல்லி அழைக்கும் அண்டை வீட்டாருமே. இவை கிடைக்காவிடில், சிறையில் கற்ற பொறுமை எத்தனை நாள் தாங்கும்?

தூய பவுலடியார் சிறையிலிருந்தே பிலமோனுக்கு ஒரு மடல் வரைந்தார். ஓடிப்போன அடிமை ஒனேசிமுவை இனி அடிமையாக அன்று, சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி வேண்டினார். அவன் பட்ட கடனைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ளவும் சொன்னார். அடிமைகளைக் கண்ட இக்கரையில் நிற்கையில், அம்மடல் நம் பங்குகள் ஒவ்வொன்றுக்கும் எழுதப்பட்டதாகவே தோன்றியது.

ஆண்டவரின் பாடுகளைத் தவக்காலந்தோறும் தியானிக்கும் நாம், மீண்டுவரும் சகோதரனுக்கு அவனுடைய பாட்டைக் கொடுப்போமா? இத்திங்களில் உங்கள் ஊரில் அப்படி ஒரு குடும்பம் இருந்தால், அதன் வாயிற்படியை ஒருமுறை மிதித்து வாருங்கள்.