தவறிய உதை

காஞ்சியில் தறிக்குடும்பத்துச் சிறுவன் ஒருவன் தலைகுனிந்து நம்மிடம் வந்தான். கால்பந்துப் போட்டி சமனில் முடிய, பெனால்டி உதையில் அவன் அடித்த பந்து வெளியே போயிற்று. “ஆடியது பதினொருவர், தோற்றது நான் ஒருவன்தானா, சாமி? இது நீதியா?” என்றான்.

முன்னாள் வழக்கம் இதனினும் கொடிது. 1968-இல் இத்தாலியும் சோவியத் அணியும் மோதிய ஐரோப்பிய அரையிறுதி கோலின்றி முடியவே, நாணயம் சுண்டி இத்தாலியைத் தேர்ந்தனர். 1970-இல் பெனால்டி முறை விதியாயிற்று. 2023-இல் பெங்களூரில் நடந்த தெற்காசிய இறுதியாட்டத்தில் இந்தியா குவைத்தை வென்றதும் இம்முறையிலேயே. கடைசி உதையைக் குர்பிரீத் சிங் தடுத்தார்.

நம் உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும் குடவோலையிலும் தகுதியுடையோர் பெயர்களையே குடத்தில் இட்டனர். ஓலை வராதவர் தாழ்ந்தவர் அல்லர். பெனால்டியும் சிறந்த அணி எதுவென அளப்பதன்று. சமமானோரில் ஒருவரைத் தேர்வதே. ஆதலின் அநீதி முறையில் இல்லை. ஒருவன்மேல் பழி சுமத்தும் நம் நாவில் உள்ளது.

“கோர்வைச் சேலையை இருவர் நெய்கையில் இழை அறுந்தால் உன் தந்தையார் என்ன செய்வார்?” என்றோம்.

“முடிச்சிட்டு மேலே நெய்வார், சாமி.”

பெற்றோரே, தோற்று வரும் பிள்ளைக்கு முதலில் சோறிடுங்கள்.