ஊருக்கு ரெண்டு சாமியும் வேணும்!

'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' மாதிரி கேம்களில், உலகத்தைப் படைத்துக் கதை நடத்த ஒருவர் வேண்டும். எங்கள் கேங்கில் அது நான்!

கிரெக் ஸ்டாஃபோர்டு உருவாக்கி, 1978-ல் 'ரூன்குவெஸ்ட்' கேமுக்குக் களமான குளோராந்தா உலகம்தான் என் இன்ஸ்பிரேஷன். அங்கே புயல் கடவுள் ஓர்லாந்த், சூரியக் கடவுள் யெல்மைக் கொல்ல, உலகம் இருண்டுபோகும். பிறகு அவரே பாதாளத்துக்குப் போய்ச் சூரியனை மீட்பார். புயலைக் கும்பிடுபவர்களுக்கு அவர் ஹீரோ. சூரியனைக் கும்பிடுபவர்களுக்குக் கலகக்காரர்.

என் உலகில் ஆறும் நெருப்பும் எதிரி சாமிகள். ஆனால், சோறு பொங்க ரெண்டு பேரும் வேண்டும். போன ஞாயிறு, எதிரெதிர் கோயில்களில் சேர்ந்த தோழிகளில் ஒருத்தி, 'உன் சாமி கதையை நீ சொல்லு, கேட்கிறேன்' என்றாள்.

எங்கள் ஃபேமிலி குரூப்பில் இந்த ஒரு வரியை இதுவரை நான் பார்த்ததே இல்லை!