பெயர்ப்பலகைக்கு முன் ஒரு தாள்



ஊரில் புதுக்கடை திறக்கும் படம் முகநூலில் வரும்போதெல்லாம் "பாரகல்லாஹ்" என்று எழுதுகிறோம். கூடவே மனம் கொஞ்சம் பதறும். ஏனென்றால் நாங்களும் ஒரு கடை திறந்து மூடியவர்கள்தான்.

2022 டிசம்பரில், கட்டாரிலிருந்து திரும்பிய தம்பியோடு சேர்ந்து கல்முனையில் கைத்தறிக் கடை போட்டோம். மருதமுனைச் சாறனும் பெட்ஷீட்டும். நகையை ஈடு வைத்த காசு. மௌலவி துஆ ஓதினார், பெனர் கட்டினோம், வந்தவர்களுக்கெல்லாம் குளிர்பானம் கொடுத்தோம். பதினோராம் மாதம் கடையை மூடினோம்.

எங்கே பிழை விட்டோம்?

முதல் வாரமே ஒரு தாத்தா சாறனைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இத மருதமுனையில நெய்யிற ஊட்டயே எடுக்கலாமே தம்பி."

அப்போது சிரித்தோம். அவர் சொன்னதுதான் உண்மை. பக்கத்து ஊரில் நேரே வாங்கத் தெரிந்தவர்களுக்கே, கடை வாடகையையும் விலையில் சேர்த்து விற்கப் பார்த்தோம். அந்தச் சாறனைத் தேடுகிறவர்கள் கொழும்பிலும் கண்டியிலும் இருந்தார்கள்.

அடுத்தது காலம். நாங்கள் திறந்தது மாரி மழையில். கடல் கொந்தளிப்பு, தோணிகள் கரையில். விவசாயிகளின் காசு முழுக்கப் பெரும்போக வயலில். அறுவடையும் நோன்பும் வந்து கைகளில் காசு புழங்கியபோது, புதுச் சாமான் போட எங்களிடம் காசில்லை.

வெட்கம் என்னவென்றால், நாங்கள் ஆசிரியர்கள். நாற்பது நிமிடப் பாடத்துக்கே பாடக்குறிப்பு எழுத வேண்டும் என்று ஆசிரியர் கலாசாலையில் பழகியவர்கள். பிள்ளை யார், அவனுக்கு ஏற்கனவே என்ன தெரியும், எந்த முறையில் கற்பிப்பது, எவ்வளவு நேரம், கடைசியில் எப்படி மதிப்பிடுவது, எல்லாம் எழுதுவோம். நகையை ஈடு வைத்துப் போட்ட கடைக்கு ஒரு வரிகூட எழுதவில்லை.

"ரிஸ்க் அல்லாஹ் தருவான்" என்றோம். நிச்சயம் தருவான். ஆனால் மதீனாவுக்கு ஹிஜ்ரத் வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) அவர்களுக்கு ஓர் அன்ஸாரித் தோழர் சொத்தில் பாதியையே தர முன்வந்தார். அவரோ சந்தை எங்கே இருக்கிறது என்றுதான் கேட்டார். நெய்யும் பாலாடைக்கட்டியும் விற்றுத் தொடங்கினார். முதலில் சந்தை, பிறகுதான் சரக்கு.

தமிழ்நாட்டுக் கடலூரைச் சேர்ந்த சி. கே. ரங்கநாதனும் அப்படித்தான். 1983இல் 15,000 இந்திய ரூபாயோடு சிக் ஷாம்பு தொழிலைத் தொடங்கினார். போத்தல் வாங்க வசதியில்லாத கிராமத்து மக்களைக் குறிவைத்துச் சிறு பக்கற்றில் விற்றார். ஊர் ஊராகப் போய்ப் பையன்களின் தலையில் தேய்த்துக் காட்டினார்கள். யாருக்கு விற்கிறோம் என்பது முடிவானதும் அளவும் விலையும் விளம்பரமும் அதன் வழியே வந்தன.

கடை போட நினைக்கும் சகோதர சகோதரிகளே, பெயர்ப்பலகைக்கு ஓடர் கொடுக்க முதல் கொப்பியில் ஒரு தாள் கிழித்து இதை எழுதுங்கள்:

1. வாங்கப் போவது யார்? அவர் இப்போது எங்கே வாங்குகிறார்?
2. அதை விட்டு நம்மிடம் ஏன் வர வேண்டும்?
3. அவர் கையில் எந்த மாதம் காசு இருக்கும்?
4. நாம் இருப்பது அவருக்கு எப்படித் தெரியவரும்? அதற்கு எவ்வளவு ஒதுக்குகிறோம்?
5. ஆறு மாதம் வியாபாரம் மந்தமானால் வாடகை எங்கிருந்து வரும்?

எழுத முடியாத கேள்வி எதுவோ, அங்கேதான் கடை விழும்.

மூடிய பிறகு, மிஞ்சிய சாறன்களைத் தம்பி படமெடுத்து வட்ஸ்அப்பில் கொழும்பு நண்பர்களுக்கு அனுப்பினான். அடுத்த நோன்புக்குள் எல்லாம் முடிந்தது. நகைதான் இன்னும் மீளவில்லை.

யாருக்காவது அந்தத் தாளை எழுத உதவி வேண்டுமென்றால் அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வாருங்கள். தேத்தண்ணி குடித்துக்கொண்டே எழுதுவோம். அல்லாஹ் நம் எல்லோருடைய வியாபாரத்திலும் பரக்கத் செய்வானாக.