பேரரசரின் மாளிகையில் குடித்தனம்

ஸ்பிளிட் நகரத்து அரண்மனைக்குள் நுழையச் சீட்டு வாங்க வேண்டியதில்லை. வாசலைத் தாண்டினால் ஊர்தான். ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் கி.பி. 305இல் தாமாகவே முடிதுறந்து, குரோயேஷியாவின் இந்தக் கடற்கரையில் கட்டிய மாளிகைக்கு வந்து தங்கினார். ஏழாம் நூற்றாண்டில் பக்கத்துச் சலோனா நகரம் அழிந்தபோது, தப்பி வந்த மக்கள் இந்த மதில்களுக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். இன்றும் இங்கே குடும்பங்கள் வாழ்கின்றன. ரோமானியத் தூண்களுக்கு இடையே சுவர் எழுப்பி வீடாக்கியிருக்கிறார்கள். மாடிச் சன்னல்களில் துணி காய்கிறது.

நடுமுற்றத்தில், எகிப்திலிருந்து கொண்டுவந்த கருங்கல் ஸ்பிங்க்ஸ் ஒன்று படுத்திருக்கிறது. பேரரசரைவிட ஆயிரத்தைந்நூறு வருடங்களுக்கும் மேல் மூத்தது. அதன் அருகில்தான் என்னை நெடுநேரம் நிற்கவைத்த எண்கோணக் கட்டடம். கிறிஸ்தவர்களைக் கொடுமையாக ஒடுக்கிய டயோக்ளீஷியன் தமக்காகக் கட்டிய கல்லறை மண்டபம் அது. இன்று அதுவே கதீட்ரல், அதுவும் அவர் ஆட்சியில் கொல்லப்பட்ட ஆயர் டொம்னியஸின் பெயரில். பேரரசரின் உடல் என்ன ஆயிற்றென்று யாருக்கும் தெரியாது. வரலாறு இவ்வளவு கச்சிதமாகக் கணக்குத் தீர்த்த இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நிலவறைகள் இன்னும் அதிசயம். மேலே குடியிருந்தவர்கள் தரையில் துளையிட்டு, நூற்றாண்டுக் கணக்கில் குப்பையைக் கீழே தள்ளியிருக்கிறார்கள். குப்பை நிறைந்து கிடந்ததால் அந்த அறைகளில் யாரும் கைவைக்கவில்லை. மேல்தளமும் அதே அமைப்பில் இருந்ததால், சிதைந்துபோன பேரரசரின் அறைகள் எப்படி இருந்தன என்பதை ஆய்வாளர்கள் கீழிருந்தே கணிக்க முடிந்தது.

இந்த மாளிகையின் வெள்ளைக்கல் பெரும்பாலும் எதிரே தெரியும் பிராச் தீவிலிருந்து வந்தது. படகில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கே புச்சிஷ்சா என்ற ஊரில் கல்தச்சுப் பள்ளி இருக்கிறது. இளைஞர்கள் இன்றும் உளி பிடித்துக் கல்லைச் செதுக்கக் கற்கிறார்கள்.

அடுத்த தீவான ஹ்வாருக்குக் கேளிக்கைக்காகப் போகிறவர்களே அதிகம். எனக்குப் பிடித்தது ஸ்டாரி கிராட் சமவெளி. கி.மு. 384இல் பாரோஸ் தீவிலிருந்து வந்து குடியேறிய கிரேக்கர்கள் நிலத்தை அளந்து பிரித்து, கல் அடுக்கி வரப்பு கட்டினார்கள். அந்தப் பிரிப்பு இன்றும் பெரிதாக மாறவில்லை. அதே நிலத்தில் திராட்சையும் ஆலிவும் விளைகின்றன. 2008இல் யுனெஸ்கோ அதைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஹ்வாருக்குப் போனால் கடற்கரையோடு திரும்பிவிடாதீர்கள். ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு அந்த வரப்புகளின் ஓரமாகப் போய்ப் பாருங்கள்.