வாசலில் ஒரு அப்பா

சால்ட் லேக் சிட்டி, 2018. மார்மன் கோயிலின் ஆறு கோபுரங்களையும் அண்ணாந்து பார்த்துவிட்டு, செருப்பை எங்கே விடுவது என்று தேடினேன். "ஸாரி சார், உள்ளே போக முடியாது!" என்று சிரித்தார் வழிகாட்டிப் பெண். மார்மனே ஆனாலும் பிஷப் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டுமாம். (என் பி.காம். சர்டிபிகேட் செல்லாது!) ஞாயிறு பிரார்த்தனைக் கூடங்களுக்கு மட்டும் யாரும் போகலாம்.

வாசலில் கோட்டும் சூட்டுமாக ஒருத்தர் நின்றார். உள்ளே மகளுக்குக் கல்யாணம். இவர் மார்மன் இல்லை! அப்பா பார்க்கட்டும் என்று வெளியே கல்யாணம் வைத்தால், கோயில் சடங்குக்கு அப்புறம் ஒரு வருஷம் காத்திருக்கணும். 2019-ல்தான் அந்த விதியை எடுத்தார்கள். அவருக்கு லேட்!

அதே வருஷக் கடைசியில் ரிப்பேருக்காகக் கோயிலை மூடினார்கள். 2027 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை எல்லோருக்கும் திறந்து காட்டுவதாக அறிவிப்பு. மகள் கல்யாணம் நடந்த அறையையாவது அவர் பார்த்துவிடலாம்.